ஹோயா கொடிக்கு எதற்கு அவ்வளவு பெரிய தொட்டி?

கேள்வி: வணக்கம் ஐயா. கோவை வடவள்ளியில் இருக்கிறேன். கிழக்குப் பார்த்த பால்கனியில் ஐந்து வருடமாக 6 அங்குலத் தொங்குதொட்டியில் ஒரு ஹோயா கொடி வளர்க்கிறேன். இந்தப் பங்குனியில் 14 கொத்து பூத்தது. ராத்திரியானால் வீடே மணக்கும். அடி ஓட்டை வழியாக வேர் எட்டிப் பார்த்ததால், சித்திரை கடைசியில் 12 அங்குலத் தொட்டிக்கு மாற்றினேன். அடியில் கூழாங்கல் பரப்பி, கடையில் வாங்கிய ரெடிமேட் கலவையைக் கொட்டி, ஒரு ஸ்பூன் டிஏபி உரமும் போட்டேன். மொட்டையாக நின்ற பழைய பூக்காம்புகளையும் நறுக்கிவிட்டேன். இருபதே நாளில் இலையெல்லாம் சுருங்கிவிட்டது. தினமும் தண்ணீர் ஊற்றியும் நிமிரவில்லை. கடைக்காரர் பூஞ்சாண மருந்தும் பூ டானிக்கும் கொடுத்திருக்கிறார். டானிக்கை எத்தனை நாளுக்கு ஒருமுறை அடிக்க வேண்டும்?

பதில்: சகோதரி, டானிக்கை அடிக்கவே வேண்டாம். பில் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வேர் இல்லாத செடிக்கு இலையில் டானிக் அடிப்பது, வயிறு கெட்டவருக்கு முகப்பவுடர் பூசுவது மாதிரி.

தினமும் தண்ணீர் ஊற்றியும் இலை சுருங்கினால் செடிக்குத் தாகம் என்று அர்த்தமில்லை. குடிக்கிற வாய் போய்விட்டது என்று அர்த்தம். இன்றைக்கே செடியை வெளியே எடுங்கள். கலவையை உதறிவிட்டு ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக உருவிப் பாருங்கள். நல்ல வேர் விறைப்பாக இருக்கும், உருவினால் வராது. அழுகிய வேரில் மேல்தோல் உறை மாதிரி கழன்று கையோடு வந்துவிடும். உள்ளே நூல் மட்டும் தொங்கும். கலவையில் சாக்கடை வாடை அடிக்கும். அப்படி வந்த வேர்களையெல்லாம் கத்தரியால் வெட்டி எறியுங்கள். மிச்சம் ஒரு கைப்பிடி வேர் இருந்தாலும் கொடி பிழைக்கும்.

அப்புறம் பழைய 6 அங்குலத் தொட்டிக்கே திரும்புங்கள். வேர் நிறையப் போயிருந்தால் 4 அங்குலம் போதும். தொட்டியை நிழலில் வைத்து, கொடியின் மேல் ஒரு கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் கவரைத் தளர்வாகக் கவிழ்த்து வையுங்கள். வேர் குடிக்க முடியாத நாட்களில் இலை ஈரத்தை இழக்காமல் இருக்க இது உதவும். புது இலை வரும்வரை எந்த உரமும் வேண்டாம். பூஞ்சாண மருந்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: அழுகலில் பூஞ்சாணத்துக்குப் பங்கு உண்டுதான். ஆனால் காற்றில்லாத சேற்றில்தான் அதற்குக் கொண்டாட்டம். சேற்றை அப்படியே வைத்துக்கொண்டு மருந்தை ஊற்றினால் சேறு இன்னும் கொஞ்சம் ஈரமாகும், அவ்வளவுதான்.

இனி, நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். தொட்டியை எதற்காக மாற்றினீர்கள்?

வேர் வெளியே வந்தால் தொட்டி மாற்று என்பது ரோஜாவுக்கும் மல்லிகைக்கும் சரி. ஹோயா என்பது மரத்தின் மேல் தொற்றி வளர்கிற கொடி. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலேயே இதன் இனங்கள் சில இருக்கின்றன. அங்கே மரக்கிளையின் பொந்தில் ஒரு பிடி மட்கும் கொஞ்சம் பாசியும்தான் அதற்குச் சொத்து. மழை பெய்தால் வேர் நனையும், நின்றால் சட்டென்று காயும். 14 கொத்து பூத்தது இந்த நெருக்கடியில்தான். 6 அங்குலத்திலிருந்து 12 அங்குலம் போனால் தொட்டி இரண்டு மடங்காகவில்லை. கொள்ளளவு ஏறக்குறைய எட்டு மடங்காகிவிட்டது. அந்த எட்டு மடங்கு ஈரத்தையும் உறிஞ்ச, பழைய தொட்டி அளவு வேர் மட்டும்தான் இருக்கிறது. போதாததற்கு அக்னி நட்சத்திர வெயிலில் வேரைக் கலைத்திருக்கிறீர்கள். மாசியில் செய்யலாம், ஆடி காற்று ஓய்ந்தபின் செய்யலாம். அதுவும் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை, ஒரு அங்குலமோ இரண்டு அங்குலமோ கூட்டினால் போதும்.

அடியில் பரப்பிய கூழாங்கல்லுக்கு வருகிறேன். நீர் வடிய வேண்டும் என்று எல்லோரும் செய்கிறோம். பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சு ஒன்றை நன்றாக நனைத்துப் படுக்கைவாட்டில் பிடியுங்கள். சொட்டு நின்றதும் அதையே செங்குத்தாகத் திருப்பினால் மறுபடி தண்ணீர் கொட்டும். கலவையும் அப்படித்தான்: அடியில் குறிப்பிட்ட உயரத்துக்கு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கல்லுக்குள் இறங்கவிடாது. கல்லைப் போட்டால் அந்த ஈர அடுக்கு மேலே ஏறி வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்து உட்காரும். ஓட்டை அடைபடாமல் ஒரு ஓட்டுத் துண்டை வைத்தால் போதும்.

ரெடிமேட் கலவை என்று எழுதியிருக்கிறீர்கள். பாக்கெட்டைப் பிரித்தபோது பழுப்பு நிறத்தில், பஞ்சு மாதிரி லேசாக இருந்ததா? அப்படியானால் அது முக்கால்வாசி கோகோபீட், அதாவது தேங்காய் மட்டைத் தூள். எனக்கு இதில் கோபம் அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊரிலிருந்து தெற்கே நாற்பது கிலோமீட்டரில் பொள்ளாச்சி. நார் மில்களில் மட்டையைச் சிதைத்து நாரைப் பிரித்த பிறகு விழுகிற தூள்தான் இது. ஒரு காலத்தில் சாலையோரம் மலை மலையாகக் கொட்டிக்கிடந்தது. இன்றைக்கு அதற்கே கட்டி போட்டு விலை. தப்பில்லை, பக்குவமாகப் பயன்படுத்தினால் நல்ல பொருள்தான். ஆனால் தென்னை உறிஞ்சுகிற பொட்டாஷில் நிறையப் பங்கு மட்டையில்தான் போய்ச் சேருகிறது. கூடவே சோடியமும் குளோரைடும். கழுவாத தூளில் அந்த உப்பு அப்படியே இருக்கும். ஏற்றுமதிக்குப் போகிற சரக்கைக் கழுவி, உப்பின் அளவு பார்த்து அனுப்புகிறார்கள். உள்ளூர்க் கடையில் தொங்குகிற பாக்கெட்டில் எது இருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாது. கேட்டால் ‘ஆர்கானிக் சார்’ என்பார்.

வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு டம்ளர் தூளை ஐந்து டம்ளர் ஆர்ஓ தண்ணீரில் ஒரு ராத்திரி ஊற வைத்து வடிகட்டுங்கள். ஆர்ஓ சர்வீசுக்கு வருபவர் சட்டைப்பையில், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் இருக்கும், வாங்கி முக்கிப் பாருங்கள். 250-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருந்தால் சரி. ஆயிரத்தைத் தாண்டினால் மூன்று தடவையாவது ஊறவைத்து, பிழிந்து, தண்ணீரை மாற்றிக் கழுவாமல் எந்தச் செடிக்கும் போடாதீர்கள். அந்த உப்போடு ஒரு ஸ்பூன் டிஏபியையும் சேர்த்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கழுவினாலும் தனிக் கோகோபீட் ஹோயாவுக்கு ஆகாது. தன் எடையைப் போல ஏழெட்டு மடங்கு நீரைப் பிடிக்கும். மேலே தொட்டால் காய்ந்திருக்கும், நடுவில் விரலை விட்டால் சொதசொத. காய்ந்திருக்கிறதே என்று நாம் மறுபடி ஊற்றுவோம்.

நான் போடுகிற கலவை இது: அரை அங்குலத் தேங்காய் மட்டைத் துண்டு இரண்டு பங்கு (இதையும் ஊறவைத்துக் கழுவ வேண்டும்), சுண்டைக்காய் அளவு அடுப்புக்கரி ஒரு பங்கு, செங்கல் ஜல்லி ஒரு பங்கு, கழுவிய கோகோபீட் ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு. கையில் அள்ளி இறுக்கினால் உருண்டை பிடிக்கக் கூடாது. விரல் இடுக்கில் உதிர வேண்டும். மேலே ஊற்றிய தண்ணீர் எண்ணி ஐந்து நொடிக்குள் அடியில் வர வேண்டும். தொட்டியும் பிளாஸ்டிக்கை விட மண்ணில், பக்கவாட்டு ஓட்டையோடு கிடைத்தால் நல்லது.

இன்னொன்றையும் பாருங்கள். வேர்ப்பந்தின் நடுவில் வெள்ளையாக ஒரு வலைக்கூடு இருக்கிறதா? நர்சரியில் துண்டு வைக்கும்போது போட்டதை எடுக்காமலே விற்றுவிடுகிறார்கள். ஒரு நர்சரியில் நான் வாங்கிய ஹோயா மூன்று வருடம் அப்படியே நின்றது. பிரித்துப் பார்த்தால் எலுமிச்சை அளவு கூட்டுக்குள் வேர் பின்னிக்கிடந்தது, நடுப்பகுதி எலும்பு மாதிரி காய்ந்திருந்தது. இருந்தால் நகவெட்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தரித்து எடுங்கள், இழுக்காதீர்கள். பிப்ரவரியில் இதய வடிவில் ஒற்றை ஹோயா இலையைக் குட்டித் தொட்டியில் குத்தி விற்கிறார்களே, அதில் கணு இல்லையென்றால் வருடக்கணக்கில் பச்சையாக நிற்குமே தவிர கொடியாகாது. யாராவது பரிசு தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், காசு கொடுத்து வாங்காதீர்கள்.

பூக்காம்புதான் எனக்கு வருத்தம். ஹோயா பூ உதிர்ந்தபின் நிற்கிற அந்தக் குட்டைக் காம்பு காய்ந்த குச்சியல்ல. அடுத்த பூ அதன் நுனியிலிருந்தேதான் வரும். வருடாவருடம் அரைக்கால் அங்குலம் நீண்டு, பழைய பூக்கள் விழுந்த தழும்பு வரி வரியாகத் தெரியும். நீங்கள் நறுக்கியது அடுத்த பங்குனியின் பூ. புதுக்காம்பு வரும், ஆனால் ஒரு வருடமோ கூடவோ காத்திருக்க வேண்டும். இலையில்லாமல் நீளமாக அலைகிற தளிர்களையும் இனி வெட்டாதீர்கள். பற்றிக்கொள்ள இடம் தேடி அலைகின்றன, இலை பிறகு வரும்.

எதற்கும் காப்பாக, இலை விறைப்பாக இருக்கும் கொடி நுனியில் இரண்டு மூன்று கணுவோடு நாலைந்து துண்டு எடுத்துவிடுங்கள். எருக்கு குடும்பம் என்பதால் பால் வடியும், கையைக் கழுவிக்கொள்ளுங்கள். பாலைக் கழுவி, ஒரு மணி நேரம் ஆறவிட்டு, கீழ்க்கணு மூழ்க ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்தினால் மூன்று நாலு வாரத்தில் கணுவில் வெள்ளை வேர் தலைகாட்டும். எருக்கஞ்செடியில் அப்புகிற அதே மஞ்சள் அசுவினி இந்த இளந்தளிருக்கும் வரும். குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சினாலே போய்விடும்.

தாய்ச்செடி தேறிய பிறகு தண்ணீருக்கு நாள் கணக்கு வைக்காதீர்கள். அடியில் உள்ள இலை ஒன்றை வெற்றிலை மடிப்பது போல லேசாக வளையுங்கள். வளையாமல் விறைத்தால் இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். வேர் சரியாகும்வரை இந்தச் சோதனை பலிக்காது, அதுவரை தொட்டியைத் தூக்கிக் கனம் பாருங்கள்.

அந்த 12 அங்குலத் தொட்டியை வீணாக்காதீர்கள். கூழாங்கல்லை எடுத்துவிட்டு, அந்தக் கலவையை நன்றாகக் கழுவி, பாதிக்குப் பாதி செம்மண் சேர்த்து ஒரு கற்பூரவல்லிக் குச்சியை ஒடித்து நட்டு வையுங்கள்.