சர்ச், மசூதி, கோயில் எல்லாம் எதிர்த்தா சூதாட்டம் நின்னுடுமா?

கேள்வி என்னன்னா, மத அமைப்புகள் கூடி ஜெபம் பண்றது, கையெழுத்து வாங்குறது, அறிக்கை விடறது இதனால எல்லாம் சூதாட்டத் தொழிலை ஏதாவது அசைக்க முடியுமா, இல்ல நம்ம மனசாறுதலுக்குத்தானா.

நான் சிங்கப்பூர்க்காரன், தமிழ் சர்ச்சுல வளந்தவன், அதனால இங்க நடந்ததை வச்சே சொல்றேன். எதிர்த்தாங்க, தோத்தாங்க. ஆனா தோத்த அப்புறம் பண்ண வேலைதான் ஜெயிச்சிருந்தா நடந்திருக்காதோன்னு எனக்கு இன்னும் தோணும்.

2004 மார்ச்ல அப்போ வர்த்தக அமைச்சரா இருந்த ஜார்ஜ் இயோ பார்லிமெண்ட்ல கசினோ பத்தி யோசிக்கிறோம்னு சொன்னார். ஊரே கொஞ்சம் ஆடிப் போச்சு, ஏன்னா லீ குவான் இயூ காலத்துலேர்ந்து இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் வேணாம்னு மூடி வச்ச விஷயம் அது. அதுக்கப்புறம் ஒரு வருஷம் நடந்த விவாதம் மாதிரி இங்க அடிக்கடி நடக்காது. தேசிய தேவாலய மன்றம் எதிர்ப்பு சொல்லுச்சு, முஸ்லிம் பக்கத்துலேர்ந்து முயிஸும் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) சொல்லுச்சு, அப்புறம் ஃபேக்ட்ஸ்னு ஒரு குழு, கசினோ மிரட்டலுக்கு எதிரான குடும்பங்கள்னு அர்த்தம் வர்ற பேரு, இன்டர்நெட்ல பெட்டிஷன் போட்டு ஆயிரக்கணக்குல கையெழுத்து வாங்கினாங்க. பேஸ்புக் எல்லாம் இல்லாத காலம், ஈமெயில் ஃபார்வர்ட் பண்ணியே பரப்பினது.

எங்க சர்ச்சுல வாராவாரம் ஜெபக்கூட்டத்துல இது ஒரு ஐட்டமா வந்துடுச்சு. "கர்த்தாவே, இந்த தேசத்துக்கு இந்தக் கண்ணி வராதபடி காத்துக்கொள்ளும்"னு வயசான அம்மாங்க அழுது ஜெபிப்பாங்க. அந்த அம்மாங்கள்ல பாதிப் பேருக்கு சூதாட்டம்னா என்னன்னு யாரும் விளக்க வேண்டியதே இல்ல, புருஷன் குதிரை பந்தயத்துல சம்பளத்தை விட்டு வெறுங்கையோட வந்தது, ஆ லோங் (கள்ள வட்டிக்காரன்) ஆளுங்க வந்து கதவுல சிவப்பு பெயிண்ட் ஊத்திட்டுப் போனது எல்லாம் பாத்தவங்க. வாலிபர் குரூப்ல இருந்த எங்களுக்குத்தான் அது ஏதோ அரசியல் விஷயம் மாதிரி தெரிஞ்சது.

2005 ஏப்ரல் 18, பிரதமர் லீ சியன் லூங் பார்லிமெண்ட்ல அறிவிச்சார், ஒண்ணு இல்ல ரெண்டு, மரினா பேல ஒண்ணு செந்தோசால ஒண்ணு. பேரு கசினோ இல்லயாம், ஒருங்கிணைந்த உல்லாசத்தளமாம். 35,000 வேலை வரும்னு கணக்கு சொன்னாங்க. அமைச்சரவைக்குள்ளயே ஒத்த கருத்து இல்லைன்னு அவரே ஒத்துக்கிட்டார். (அப்போ அமைச்சரா இருந்த லிம் பூன் ஹெங் 2011-ல இந்த முடிவு பத்திப் பேசும்போது செய்தியாளர்கள் முன்னாடியே கண் கலங்கிட்டார்.) மதக் குழுக்களுக்கு பிரதமர் சொன்ன பதில் சுருக்கமா இதுதான்: உங்க நம்பிக்கையை மதிக்கிறேன், ஆனா அரசாங்கம் மதச்சார்பில்லாதது, ஒரு குழுவோட விருப்பத்தை எல்லார் மேலயும் திணிக்க முடியாது, உங்க ஆளுங்க போகாம நீங்க பாத்துக்கங்க.

இந்தக் கடைசி வரி அன்னிக்கு எங்களுக்கு எல்லாம் எரிச்சலா இருந்தது. ஆனா யோசிச்சா அதுல ஒரு சவால் இருக்கு. 2000 கணக்கெடுப்புல கிறிஸ்தவங்க 14.6 சதவீதம்தான், முஸ்லிம்களும் கிட்டத்தட்ட அதே அளவு, சிறுபான்மை குழுக்கள் சேந்து "தடை பண்ணு"ன்னா எந்த அரசாங்கமும் உடனே பண்ணாது. பதிலா அரசாங்கம் வேலி போட்டுச்சு. சிங்கப்பூரரும் நிரந்தரவாசியும் உள்ள போகணும்னா ஒரு நாளைக்கு 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), இல்லன்னா வருஷத்துக்கு 2,000. 2019 ஏப்ரல்ல அது 150, 3,000 ஆச்சு. 21 வயசு ஆகணும். பிரச்சனை சூதாட்டத்தை, அதாவது கட்டுப்படுத்த முடியாம ஆடறதை, சமாளிக்கன்னு ஒரு தேசிய மன்றம் 2005-லயே வந்துடுச்சு, ரெண்டு கசினோவும் திறந்தது 2010-ல. திவாலானவங்க, அரசாங்க உதவித்தொகை வாங்குறவங்க சட்டப்படியே உள்ள போக முடியாது. இதெல்லாம் எதிர்ப்பு இல்லாம வந்திருக்குமான்னா எனக்கு நம்பிக்கை இல்ல. திறந்த வருஷமே குடியிருப்புப் பேட்டைகள்லேர்ந்து கசினோவுக்கு இலவச பஸ் ஓட்டினதும் சத்தம் கிளம்பித்தான் நின்னுச்சு.

இன்னொண்ணையும் நேர்மையா சொல்லிடணும். எங்க ஆளுங்க சொன்ன மாதிரி ஊரே சூதாடியா மாறல. அந்த மன்றத்தோட சர்வேல 2005-ல 4.1 சதவீதமா இருந்த பிரச்சனை சூதாடிங்க 2014-ல 0.7ன்னு வந்துச்சு. சர்வேல வந்து "ஆமா நான் சூதாட்டத்துக்கு அடிமை"ன்னு எத்தனை பேர் சொல்லுவாங்கன்றது வேற கதை, ஆனா ஏறலைன்றது ஏறலைதான். அரசாங்கம் சொல்லுது பாத்தீங்களா எங்க வேலி வேலை செய்யுதுன்னு, எதிர்த்தவங்க சொல்றாங்க பாத்தீங்களா நாங்க கத்தாம இருந்திருந்தா வேலியே இல்லைன்னு. ரெண்டுமே சரின்னுதான் எனக்குப் படுது.

அந்த வேலில ஒரு பகுதிதான் நான் கூட இருந்து பாக்குறது, குடும்பத் தடை ஆணை. மனைவி, புருஷன், பெத்தவங்க, பிள்ளைங்க, கூடப்பிறந்தவங்க யாராவது மன்றத்துக்கு விண்ணப்பம் போட்டா ஒரு குழு விசாரிச்சு அந்த ஆளை கசினோக்குள்ள விடாம பண்ணலாம். கேக்க ஈஸி. ஆனா ஒரு தமிழ் வீட்டுல அண்ணன் மேல தங்கச்சி மனு போடறதுன்னா என்னன்னு உங்களுக்கே தெரியும், ஆதாரம் காட்டணும், கடன் சீட்டு, பேங்க் ஸ்டேட்மெண்ட், அந்த ஆளையும் கூப்பிட்டு அவர் பக்கம் கேப்பாங்க, அப்புறம் வீட்டுக்குப் போய் அதே ஹால்ல ஒண்ணா சாப்பிடணும். இங்கதான் சர்ச் ஆளுங்க உருப்படியா இருந்தாங்க. ஃபாரம் நிரப்ப கூட உக்காந்தது, விசாரணைக்கு கூட போனது, அந்த அண்ணன் கோவமா வீட்டை விட்டுப் போனப்போ அவரையும் போய்ப் பாத்து கோப்பிக்கடைல உக்கார வச்சுப் பேசினது. ஜெபமும் நடந்தது, ஆனா ஜெபத்தை முடிச்சிட்டு "சரி சிஸ்டர் வர்ற வாரம் பாப்போம்"னு கிளம்பிடல.

எனக்கு கோவம் வர்ற இடம் வேற. கசினோவை எதிர்த்து உபவாசம் இருந்த அதே சபைல ஃபோர் டி (நாலு இலக்க லாட்டரி) பத்தி யாரும் வாயைத் திறக்கல. சிங்கப்பூர் பூல்ஸ் 1968-லேர்ந்து இருக்கு, கள்ளச் சூதாட்டத்தை ஒழிக்கன்னு அரசாங்கம் ஆரம்பிச்சது, கோப்பிக்கடைக்கு எத்தனை பேர் போறாங்களோ அத்தனை பேர் கண்ணுல படற மாதிரி கடை. ஃபோர் டி குலுக்கல் புதன், சனி, ஞாயிறு. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு பிரியாணி சாப்பிட்டுட்டு நேரா போய் வரிசைல நிக்கிற அங்கிள்மாரை எனக்குப் பேரோட தெரியும். கணக்கு ரொம்ப சிம்பிள்: 10,000 நம்பர்ல 23 நம்பருக்குப் பரிசு, "பிக்"னு ஒரு வகை பெட், அதுல ஒரு வெள்ளி கட்டினா முதல் பரிசு 2,000, எல்லாப் பரிசையும் கூட்டிப் பாத்தா கட்டின ஒரு வெள்ளிக்கு சராசரியா 66 காசுதான் திரும்பி வரும். ரோட்டுல கார் மோதினா முதல்ல நம்பர் பிளேட்டைக் குறிச்சுக்கிற ஊரு இது. ஒரு பக்கம் சூதாட்டம் வேணாம்னு ஜெபம், இன்னொரு பக்கம் கோயில் இருக்கிற கூசு தீவுல போய் நல்ல நம்பர் குடுன்னு வேண்டுதல், சாமி யாருக்குத்தான் பதில் சொல்லுவார்?

குடும்பத் தடை ஆணை கசினோவுக்கு வேலை செய்யும், கிளப்கள்ல இருக்கிற ஜாக்பாட் மெஷின் ரூமுக்கும் பூல்ஸோட ஆன்லைன் கணக்குக்கும் செல்லும். ஆனா கவுன்டர்ல காசை நீட்டி டிக்கெட் வாங்குறவரை யாரும் பேர் கேக்க மாட்டாங்க. ஆன்லைன் கதையும் சுவாரஸ்யம்தான். 2014-ல இணைய சூதாட்டத்தைத் தடை பண்ணி சட்டம் வந்துச்சு, சர்ச் எல்லாம் வரவேற்றாங்க, 2016-ல பாத்தா பூல்ஸுக்கும் குதிரைப் பந்தயம் நடத்தின டர்ஃப் கிளப்புக்கும் விலக்கு. தேவாலய மன்றம் கவலை தெரிவிச்சுது, அரசாங்கம் கேட்டுக்கிட்டு தன் வேலையைப் பாத்துச்சு.

இன்னொரு கூட்டத்தையும் சொல்லாம விட முடியாது, தமிழ்நாட்டுலேர்ந்து வேலை பெர்மிட்ல வர்ற தம்பிங்க. 150 வெள்ளி கட்டணம் சிங்கப்பூரருக்கும் நிரந்தரவாசிக்கும் மட்டும்தான், வெளிநாட்டுக்காரங்களுக்கு நுழைவு இலவசம். அதாவது ஏஜெண்டுக்குக் கட்டின கடனை அடைக்கிறதுக்கே ஓவர்டைம் பாக்குற பையன் 21 வயசு ஆகியிருந்தா பாஸ்போர்ட்டைக் காட்டிட்டு ஏசி ஹாலுக்குள்ள போயிடலாம், வேலி யாரைக் காப்பாத்தன்னு போட்டாங்களோ அவங்க இவங்க இல்ல. நல்ல விஷயம் என்னன்னா தானா தடை போட்டுக்கிற வசதி அவங்களுக்கும் உண்டு, சொல்லப் போனா அப்படிப் போட்டுக்கிட்டவங்கள்ல பெரும்பாலானவங்க வெளிநாட்டுக்காரங்கதான். ஞாயித்துக்கிழமை தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம், தொழிலாளிங்க தங்குற டார்மிட்டரிகள்ல ஊழியம் பண்ற சில சபைகள் அந்தப் ஃபாரத்தைப் பத்தி தமிழ்ல விளக்குறாங்க. என்னைக் கேட்டா 2004-லேர்ந்து நடந்த எல்லா ஜெபக்கூட்டத்தையும் விட இது பெரிய வேலை, சில பெரியவங்க இதை ஒத்துக்க மாட்டாங்க, பரவால்ல.

ஜெயிச்ச இடமே இல்லையான்னு கேப்பீங்க, இந்தியாலயே இருக்கு. மேகாலயா 2021-ல கசினோவுக்கு வழி விடற மாதிரி சட்டம் போட்டுச்சு, எல்லைக்கு வெளில இருந்து டூரிஸ்ட் வருவாங்கன்னு கணக்கு. காசி ஜைந்தியா பக்கத்து கிறிஸ்தவத் தலைவர்கள் அமைப்பும் உள்ளூர் அமைப்புகளும் எதிர்த்தாங்க, 2022-ல அரசாங்கம் அந்தச் சட்டத்தையே திரும்ப எடுத்துக்கிச்சு. அடுத்த வருஷ ஆரம்பத்துல தேர்தல், அந்த மாநிலத்துல முக்கால்வாசிப் பேர் கிறிஸ்தவங்க, அதனால அது ஜெபத்தோட வெற்றியா ஓட்டோட வெற்றியான்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க. அங்கயும் பாருங்க, ஷில்லாங்ல தீர்னு ஒரு வில்வித்தை பந்தயம், இலக்குல எத்தனை அம்பு குத்துச்சோ அந்த எண்ணிக்கையோட கடைசி ரெண்டு இலக்கத்துக்கு பெட் கட்டுவாங்க, ராத்திரி கண்ட கனவை வச்சு நம்பர் பிடிப்பாங்க, அது 1980கள்லேர்ந்து சட்டப்படி வரி கட்டி நடக்குது. புதுசா வர்றதை விரட்டுறது சுலபம், பழகினதைத் தொட எந்த ஊர்லயும் யாருக்கும் தைரியம் வர்றதில்ல.

நீங்க ஏதாவது குழு ஆரம்பிக்கிற எண்ணத்துல கேட்டிருந்தா என் யோசனை இது. பெட்டிஷன் போடுங்க, வேணாம்னு சொல்லல, ஆனா முதல் மாசத்துலயே ரெண்டு மூணு பேரை ஃபாரம், சட்டம், கடன் விஷயம் கத்துக்க அனுப்புங்க. வேற மதத்துக்காரங்களையும் சேத்துக்கங்க, கடன்காரன் கதவைத் தட்டும்போது எந்த சாமி படம் மாட்டியிருக்குன்னு பாக்குறதில்ல. சபைக்குள்ளயே ஆடறவங்க கண்டிப்பா இருப்பாங்க, மேடைல நின்னு பாவம் பாவம்னு கத்தினா அவங்க ஒளிஞ்சுக்குவாங்களே தவிர நிறுத்த மாட்டாங்க.

சிங்கப்பூர்ல இருந்து இதைப் படிக்கிறவங்களுக்கு, மன்றத்தோட உதவி நம்பர் 1800-6-668-668. வீட்டுல யாராவது ஆடறாங்கன்னா நீங்களே கூப்பிடலாம், ஆடறவர்தான் கூப்பிடணும்னு இல்ல.