கண்ணை மூடச் சொல்வதற்கு முன்

நவம்பர் பிறந்து புயல் எச்சரிக்கைகள் வர ஆரம்பித்தால் எனக்கு வரும் கேள்விகளும் கூடிவிடும். இந்த முறை பலரும் கேட்டிருப்பது ஒன்றைத்தான்: மன அதிர்ச்சிக்கு ஆளானவரின் உடம்பை எப்படி நிதானத்துக்குக் கொண்டுவருவது?

கேள்வி: 2004 சுனாமியில் அடித்துச் செல்லப்பட்டுப் பிழைத்த ஒருவர் என்னிடம் வருகிறார். கண்ணை மூடி ஆழமாக மூச்சு இழுக்கச் சொன்னேன். இரண்டே நிமிடத்தில் கைகால் நடுங்கி எழுந்து போய்விட்டார். எங்கே தவறினேன்?
– இளம் ஆலோசகர், லாஸ்பேட்டை

பதில்: இதே தவறை நானும் செய்திருக்கிறேன். சுனாமிக்கு அடுத்த ஆண்டு, கடலூர்ப் பக்கம் ஒரு மீனவக் கிராமத்தில் பெண்களை உட்கார வைத்து, பயிற்சியில் கற்றுக்கொடுத்தபடியே “அமைதியான கடற்கரையில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்” என்றேன். ஒரு அம்மா வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

தண்ணீரில் மூச்சுத் திணறியவருக்கு மூச்சைக் கவனிப்பதே அந்த நாளைக் கூப்பிடுவது மாதிரி. கண்ணை மூடினால் ஆபத்து எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்க்கவும் முடியாது. போதாததற்கு, பெரிது பெரிதாக மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் நுனி குறுகுறுக்கும். பயந்த உடம்பு அதையும் ஆபத்து என்றே எடுத்துக்கொள்ளும்.

அதனால் வெளியிலிருந்து தொடங்குங்கள். கண் திறந்திருக்கட்டும். கதவு தெரிகிற மாதிரி நாற்காலியை அவரே போட்டுக்கொள்ளட்டும். பாதம் தரையில் பதிவதை உணரட்டும், கையில் ஒரு எவர்சில்வர் தம்ளர் தண்ணீரைக் கொடுத்து அதன் குளிர்ச்சியைச் சொல்லச் சொல்லுங்கள். மூச்சுக்குச் சில வாரம் கழித்து வரலாம். அப்போதும் “ஆழமாக இழுங்கள்” வேண்டாம், “மெதுவாக விடுங்கள்” போதும். மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் கூடும், விடும்போது குறையும். மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு அந்த நேரத்தில் பிரேக் போடுகிறது. வெளிமூச்சை நீட்டினால் பிரேக்கும் நீளும், அவ்வளவுதான்.

எதைச் செய்தாலும் முதலில் கேளுங்கள், நிறுத்த ஒரு சைகையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவர் திரும்பி வந்தால், அன்று நீங்கள் அவசரப்பட்டதைச் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். பல பேருக்கு அதுவே பெரிய சிகிச்சை.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி. திட்டினால் அப்படியே சிலை மாதிரி ஆகிவிடுகிறாள். அமைதிப் பயிற்சி கொடுத்தேன். இப்போது ரொம்ப அமைதியாக இருக்கிறாள். இது முன்னேற்றமா?
– பள்ளி ஆலோசகர், கடலூர் முதுநகர்

பதில்: எனக்குக் கவலையாக இருக்கிறது. உறைந்துபோவதும் அமைதியும் வெளிப்பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். அமெரிக்க மனநல மருத்துவர் டேன் சீகல் 1999இல் சொன்ன ‘தாங்கும் எல்லை’ என்ற கருத்து இங்கே உதவும். எல்லைக்கு மேலே போனால் படபடப்பு, கோபம், ஓட்டம். கீழே போனால் மரத்துப்போதல், வெறித்த பார்வை. இந்தப் பெண் கீழே இருக்கிறாள். அவளை இன்னும் அடக்கக்கூடாது, எழுப்ப வேண்டும். எழுந்து நிற்கட்டும், சுவரை இரண்டு கையாலும் தள்ளட்டும், உங்களோடு அஞ்சாங்கல் ஆடட்டும், எலுமிச்சம்பழத்தைக் கீறி முகரட்டும். கண்ணில் வெளிச்சம் வருகிறதா, குரல் வருகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. திட்டுக்கே ஒரு குழந்தை உறைகிறாள் என்றால், வீட்டிலோ வெளியிலோ இப்போதும் ஏதாவது நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆபத்து தொடரும்போது பயிற்சி கொடுப்பது, அதைத் தாங்கிக்கொள்ளப் பழக்குவதாகிவிடும். பாலியல் கொடுமை என்று தெரிந்தால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி புகார் செய்வது உங்கள் கடமை. குழந்தைகள் உதவி எண் 1098.

கேள்வி: பாலிவேகல் கோட்பாடும் நம் பிராணாயாமமும் ஒன்றுதானா?
– யோகா ஆசிரியர், புதுச்சேரி

பதில்: இல்லை. நம் பயத்தையும் பாதுகாப்பு உணர்வையும் வேகஸ் நரம்பைக் கொண்டு விளக்க, அமெரிக்க உளவியலாளர் ஸ்டீபன் போர்ஜஸ் 1994இல் முன்வைத்த கோட்பாடு அது. அதன் உடற்கூறு, பரிணாமம் பற்றிய பகுதிகளை ஆய்வாளர்கள் பலர் ஏற்கவில்லை. மூச்சுக்கும் இதயத் துடிப்புக்கும் உள்ள தொடர்பு அதற்கு முன்பே உறுதியானது, நீங்கள் அதை நம்பியே வேலை செய்யலாம். வண்டு போல ரீங்கரித்து மூச்சை விடும் பிராமரி பலருக்கு ஒத்துவரும். பதறுகிறவருக்கு, வேகமாக மூச்சு விடும் கபாலபாதியும் பஸ்திரிகாவும் வேண்டாம், மூச்சை அடக்குவதும் வேண்டாம். ஆசனத்தைத் திருத்த, கேட்காமல் தொடாதீர்கள்.

கேள்வி: ஒருவருக்கு ஆறு மாதமாக நிதானப் பயிற்சி மட்டுமே கொடுக்கிறேன். நடந்ததைப் பற்றிப் பேச எப்போது தயாராவார்?
– உளவியல் சிகிச்சையாளர், நெல்லிக்குப்பம்

பதில்: அவர் தயாராகிவிட்டாரோ என்னவோ, நீங்கள் தயாரா? கண்டிக்கக் கேட்கவில்லை. அந்தக் கதையைக் கேட்க நமக்கும் பயம் இருக்கும். படபடப்பே வராத நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். படபடப்பு வந்து, உங்கள் துணையோடு சில நிமிடத்தில் திரும்பி வர முடிந்தால் போதும். உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்தது அதிர்ச்சியை நேராகக் கையாளும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையையும், நினைவை மனதில் வைத்தபடி கண்ணை இடவலமாக அசைக்கச் செய்யும் ஈஎம்டிஆரையும். நிதானப் பயிற்சி அந்த நினைவுக்குள் போய் வருவதற்கான வழித்துணை. கொஞ்சம் தொட்டு, திரும்பி வந்து, மறுபடி தொட்டுப் பாருங்கள்.

கேள்வி: தானே புயலில் எங்கள் கூரை விழுந்தது. அதிலிருந்து மழை இரவென்றால் என் வீட்டுக்காரர் வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். தூங்கக் குடிக்கிறார். மூச்சுப் பயிற்சி பலிக்கவில்லை.
– தேவனாம்பட்டினம் வாசகி

பதில்: அம்மா, 2011 டிசம்பர் 30 அதிகாலைக் காற்று அவர் உடம்பில் இன்னும் நிற்கவில்லை. கடலுக்குப் போகும் முன்பே வலையைச் சரிபார்ப்பது போல, பயிற்சியை வெயில் நாளில் பழக வேண்டும். மழை இரவில் புதிதாக ஆரம்பித்தால் பலிக்காது. அன்று “பயப்படாதீங்க” என்று சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், டீ போட்டுக் கொடுங்கள், இருவருமாக எழுந்து கூரை, கதவு, விளக்கு எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். இது வேறு கூரை, வேறு வருடம் என்பதைக் கண் பார்த்தால்தான் உடம்பு நம்பும்.

குடி தூக்கத்தைக் கெடுக்கவே செய்யும். ஆனால் தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், அதனால் மருத்துவரைப் பார்த்தே குறைக்க வேண்டும். கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ கூட்டிப் போங்கள். அவர் வர மறுத்தால் 14416, அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ், தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் இல்லை. முதலில் நீங்களே கூப்பிடுங்கள். இத்தனை வருடம் கூடவே விழித்திருந்தவர் நீங்களும்தானே.