உகாண்டா மிஷன் பள்ளியில் ஆசிரியர் பணி: வாசகர் கேள்விகள்

கேள்வி: பாளையங்கோட்டையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் 29 ஆண்டுகள் கணிதம் கற்பித்து, கடந்த ஆண்டு ஓய்வு பெற்றேன். எங்கள் சபையைச் சேர்ந்த ஒருவர் மூலமாக, உகாண்டாவில் உள்ள ஒரு கிறிஸ்தவ உயர்நிலைப் பள்ளியிலிருந்து ஓராண்டு வந்து கற்பிக்கும்படி அழைப்பு வந்திருக்கிறது. தங்குமிடமும் சாப்பாடும் தருவதாகக் கடிதத்தில் இருக்கிறது. சம்பளத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. ஜூன் மாதம் புறப்படலாமா?

பதில்: போகலாம், ஆனால் ஜூன் மாதம் வேண்டாம். உகாண்டாவில் கல்வியாண்டு பிப்ரவரி வாக்கில் தொடங்கி டிசம்பர் தொடக்கத்தில் முடிகிறது. மூன்று பருவங்கள், பொதுத் தேர்வுகள் அக்டோபர், நவம்பரில் வருகின்றன. ஜூனில் போய் இறங்கினால் இரண்டாம் பருவத்தின் நடுவே வேறொருவர் பாதி நடத்திய பாடத்தைக் கையில் வாங்குவீர்கள். மாணவர்களின் பெயர்கள் மனத்தில் பதிவதற்குள் தேர்வு வந்துவிடும். ஜனவரி கடைசியில் சென்று ஆண்டு முழுவதும் இருங்கள்.

சம்பளத்தைப் பற்றி எழுதாத கடிதத்தை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் 1820இல் உங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) என்ற இங்கிலாந்து மிஷனின் சார்பில் என்பது தங்களுக்குத் தெரிந்திருக்கும்; அதே மிஷனின் ஆட்கள்தான் 1877இல் உகாண்டாவுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். கயாசா பெண்கள் பள்ளியும் (1905) கிங்ஸ் காலேஜ் புடோவும் (1906) அவர்கள் தொடங்கியவை. கத்தோலிக்கர்கள் 1902இலேயே நமில்யாங்கோ காலேஜைத் தொடங்கிவிட்டார்கள். காலேஜ் என்று பெயர் இருந்தாலும் இவையும் உயர்நிலைப் பள்ளிகள்தான். இத்தகைய பழைய பள்ளிகள் பல, நம் ஊர் உதவி பெறும் பள்ளிகளைப் போலவே, சபையின் பெயரிலும் அரசின் சம்பளத்திலும் நடப்பவை. அரசின் சம்பளப் பட்டியலில் இடம்பெறாத ஆசிரியருக்குப் பெற்றோர் கட்டும் கட்டணத்திலிருந்து பள்ளியே சம்பளம் தர வேண்டும். அண்மைக் காலத்தில் தொடங்கிய தனியார் கிறிஸ்தவப் பள்ளிகளில் எல்லாமே கட்டணத்திலிருந்துதான். ஆகவே உங்களை அழைப்பது எந்த வகைப் பள்ளி, அந்தப் பணியிடம் ஏன் காலியாக இருக்கிறது, இதுவரை அந்த வகுப்பை நடத்தியவர் எங்கே போனார் என்ற மூன்றையும் தலைமை ஆசிரியரிடம் கடிதம் எழுதிக் கேளுங்கள். தாங்கள் சம்பளமில்லாமல் வருவதால் உள்ளூர் இளைஞர் ஒருவருக்கு வேலை போகுமென்றால், அந்த அழைப்பை ஏற்காதிருப்பதே நல்லது என்பது என் கருத்து.

ஆசிரியர் அறையிலும் சற்றுக் கவனம் வேண்டும். 2022இல் அரசு, உயர்நிலைப் பள்ளிகளின் பட்டதாரி அறிவியல் ஆசிரியர்களுக்கு மாதச் சம்பளத்தை 40 லட்சம் உகாண்டா ஷில்லிங்காக உயர்த்தியது. வரலாறும் இலக்கியமும் நடத்துபவர்களுக்கு அப்போது அதில் பாதிகூட இல்லை. அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தக் கசப்பு முழுவதும் ஆறிவிடவில்லை. கணித ஆசிரியர் என்று தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போதே அது உங்கள் காதில் விழும்.

பணி அனுமதி கைக்கு வராமல் விமானம் ஏறாதீர்கள். நானும் அங்கே கற்பிக்கப் போனவன்தான்; என்னை அழைத்த பள்ளி, 'சுற்றுலா விசாவில் வாருங்கள், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்றது. நம்பிப் போய், வகுப்புக்குள் கால் வைக்க முடியாமல் விருந்தினர் அறையில் ஏழு வாரம் உட்கார்ந்திருந்தேன். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டுக்கொள்ள வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். அந்தச் சான்று இல்லாமல் திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்திவிடுவார்கள். மலேரியா உள்ள நாடு என்பதால் கொசுவலை அவசியம்.

வகுப்பைப் பற்றித் தாங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 'முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் வாட்?' என்று அங்கே ஆசிரியர் குரலை உயர்த்தி நிறுத்துவார். அறுபது பிள்ளைகள் ஒரே குரலில் 'ஒன் எய்ட்டி' என்று முடிப்பார்கள். நானும் அப்படியே கேட்டு, எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்று முதல் மாதம் முழுவதும் ஏமாந்தேன். விடைத்தாள் கட்டைப் பிரித்தபோதுதான், பின்வரிசைப் பிள்ளைகள் என் குரலின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து விடை சொல்லி வந்தது தெரிந்தது. 2020 முதல் உயர்நிலைப் பள்ளியின் கீழ்நிலை வகுப்புகளுக்குச் செயல்திறன் அடிப்படையிலான புதிய பாடத்திட்டம் வந்திருக்கிறது; செய்முறைத் திட்டங்களுக்கும் மதிப்பெண் உண்டு. மனப்பாடக் கணிதத்தில் ஊறியவர்கள் அதை முன்கூட்டியே வாங்கிப் படிப்பது நல்லது. பிரம்பைச் சட்டம் 2016இலேயே தடை செய்துவிட்டது. ஆனாலும் சில மேசைகளில் அதைப் பார்ப்பீர்கள். தாங்கள் தொடாதீர்கள்.

கேள்வி: நான் கோவையில் இயற்பியல் ஆசிரியை, இந்து. உகாண்டாவின் கிறிஸ்தவப் பள்ளி ஒன்றில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லும் முகவர் ஒன்றரை லட்சம் ரூபாய் கேட்கிறார். அங்கே மதம் மாறச் சொல்வார்களா?

பதில்: முதலில் பணத்தைப் பார்ப்போம். இந்திய அரசிடம் பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். ஒன்றரை லட்சம் கேட்பவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் இணையதளத்தில் அது இல்லையென்றால் பேச்சை அத்தோடு நிறுத்திவிடலாம்.

மதம் மாறும்படி என்னிடம் யாரும் கேட்டதில்லை. பழைய மிஷன் பள்ளிகளில் முஸ்லிம் மாணவர்களும் படிக்கிறார்கள். காலை வழிபாட்டிலும் ஞாயிறு ஆராதனையிலும் ஆசிரியர்கள் உடன் இருக்க வேண்டும் என்பது பெரும்பாலும் எதிர்பார்ப்பு. எழுந்து நின்றால் போதும். புதிய தனியார் பள்ளிகள் சில, விசுவாச அறிக்கையில் கையெழுத்துக் கேட்கலாம். ஒப்பந்தத்தின் முழுப் பிரதியையும் இங்கேயே வாங்கிப் படியுங்கள்.

உடையைப் பற்றிய தயக்கம் வேண்டாம், சேலை உடுத்தலாம். அந்நாட்டுப் பெண்கள் விழாக்களில் அணியும் கோமேசி என்ற அங்கியே, மேலே சொன்ன கயாசா பள்ளி மாணவியருக்காகக் கோமஸ் என்ற கோவாத் தையற்காரர் தைத்துக் கொடுத்தது என்று சொல்வார்கள். என் மனைவி சேலையுடன் பள்ளி விழாவுக்கு வந்தபோது, சமையற்கூடத்துப் பெண்கள் இருவர் அவளைத் திருப்பித் திருப்பி நிறுத்தி, கொசுவத்தின் மடிப்புகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார்கள்.