அடிக்கடி தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பெண் கைதி நிஜமாகவே சாக நினைக்கிறாரா, சும்மா பயமுறுத்துகிறாரா?

தங்கை ரிமாண்டில் இருக்கிறாள், ஏழெட்டு தடவை தன்னைக் காயப்படுத்திக்கொண்டாள், கேட்டால் "சீன் போடுறா" என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பெண்கள் சிறை ஒன்றின் மருத்துவப் பிரிவில் சில வருடம் நர்ஸாக இருந்தேன். அந்த "சீன்" என்ற வார்த்தையை நானும் சொல்லியிருக்கிறேன். ஒரே பெண்ணுக்கு ஒரே வாரத்தில் மூன்றாவது முறை கட்டுப் போடும்போது வாயில் வந்துவிடும்.

ஆனால் அது தப்புக் கணக்கு. இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளின் 2004 முதல் 2009 வரையிலான பதிவுகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வு ஒன்று 2014-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. ஆண் கைதிகளில் வருடத்துக்கு 5, 6 சதவீதம் பேர் தங்களைக் காயப்படுத்திக்கொண்டார்கள். பெண்களில் 20 முதல் 24 சதவீதம். அதைவிட எனக்கு உறைத்தது வேறொன்று. ஒரே வருடத்தில் ஐந்து தடவைக்கு மேல் இப்படிச் செய்த பெண்களிடம்தான் பின்னாளில் தற்கொலை ஆபத்து குறிப்பாகத் தெரிந்தது. அதாவது "இவ வழக்கமா பண்றதுதான்" என்று யாரைக் கண்டுகொள்ளாமல் விடுகிறோமோ, அவரைத்தான் விடக் கூடாது.

சாக வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைக்கிறார்களா என்றால், இல்லை. என்னிடம் பேசிய பலரும் சொன்னது, மனசுக்குள் இருக்கும் இரைச்சல் கொஞ்ச நேரம் அடங்குகிறது என்பதுதான். இருப்பதற்கும் சாவதற்கும் நடுவே அவர்கள் பிடித்துக்கொண்டிருக்கும் மோசமான கைப்பிடி அது. பிடி எப்போது நழுவும் என்று அவர்களுக்கே தெரியாது.

ஏன் பெண்களிடம் இவ்வளவு? உள்ளே வரும்போதே பலர் அடிபட்டு வருகிறார்கள்: வீட்டு வன்முறை, சின்ன வயதில் நடந்த பாலியல் கொடுமை, போதைப் பழக்கம். பெண்கள் சிறைகள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் வீட்டிலிருந்து தொலைவில் போய் விழுகிறார்கள்; பார்க்க வருபவர்களும் குறைந்துவிடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே பிள்ளைகள். நான் பார்த்துக்கொண்ட ஒரு பெண் எவ்வளவு கலகலப்பாகப் பேசினாலும் மாலை நாலு மணிக்குச் சட்டென்று வாயை மூடிவிடுவார். மகள் பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வரும் நேரமாம். கதவை யார் திறந்துவிடுவார்கள் என்ற யோசனை. அவருடைய காயங்கள் பெரும்பாலும் அந்த நாலு மணிக்கும் ராத்திரிக்கும் நடுவே நடந்தவை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து மாதம் ஆனது, வெட்கமாகத்தான் இருக்கிறது.

அதற்குள் ஒருமுறை தண்டனை என்று இரண்டு வாரம் அவரைப் பார்க்க யாரையும் விடவில்லை. நெருப்பை அணைக்க எண்ணெய் ஊற்றிய கதை. பெண் கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 2010-இல் ஏற்ற பாங்காக் விதிகளில் 23-ஆவது விதி, தண்டனையாகக் குடும்பத் தொடர்பைத் தடுக்கக் கூடாது, முக்கியமாகப் பிள்ளைகளுடனான தொடர்பை, என்கிறது. 16-ஆவது விதி, பெண் கைதிகளின் தற்கொலையையும் சுயகாயத்தையும் தடுக்க மனநல சேவையோடு கலந்தாலோசித்துத் திட்டம் வேண்டும் என்கிறது. வக்கீல் மூலம் மனு எழுதும்போது இரண்டையும் குறிப்பிடச் சொல்லுங்கள்.

நீங்கள் பார்க்கப் போகும்போது "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. "அம்மா அழுறாங்க, இனிமே பண்ணமாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்பது மட்டும் வேண்டாம். அடுத்த முறை மறைக்கத்தான் கற்றுக்கொள்வார். ஜாமீன் மறுப்பு, கணவர் பிரிவது, பிள்ளை இடம் மாறுவது மாதிரி கெட்ட செய்தி சொல்ல வேண்டியிருந்தால், சொல்லிவிட்டு அப்படியே கிளம்பாதீர்கள். வெளியே வரும் முன் பணியில் இருக்கும் அலுவலரிடமோ சிறை டாக்டரிடமோ "இன்றைக்கு இதைச் சொல்லியிருக்கிறேன், ராத்திரி பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லுங்கள். எழுத்தில் கொடுத்தால் இன்னும் நல்லது. தனியறையில் போட்டுப் பூட்டுவது பாதுகாப்பு இல்லை, கூட ஆள் இருப்பதுதான் பாதுகாப்பு; அதையும் கேட்டு வாங்குங்கள். விடுதலையான முதல் சில வாரங்களிலும் இதே கவனம் வேண்டும்.

நாலு மணிக்கு வாயை மூடிவிடும் அந்தப் பெண்ணின் போன் நேரத்தைப் பிறகு நாலேகாலுக்கு மாற்றினார்கள். காயங்கள் நின்றுவிட்டன என்று பொய் சொல்ல மாட்டேன். என் காயப் பதிவேட்டில் அவர் பெயருக்கும் அடுத்த முறை அவர் பெயருக்கும் நடுவே பக்கங்கள் கூடின.