ஆய்வுப் படிப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எம்.ஏ. சமூகவியல் முடித்திருக்கிறேன். நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைக்கவில்லை, பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெற்றிருக்கிறேன். நெறியாளராக ஒப்புக்கொள்பவரிடமே தலைப்பையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் காலக்கெடுவைக் கவனியுங்கள். இந்த வகைத் தகுதி ஓராண்டுக்குத்தான் செல்லும். அதைக் கொண்டு சேர்க்கை நடத்தும் பல்கலைக்கழகங்கள் நெட் மதிப்பெண்ணுக்கு 70 சதவீதமும் நேர்காணலுக்கு 30 சதவீதமும் தருகின்றன. மதிப்பெண் முடிந்த கதை. நேர்காணல்தான் இனி உங்கள் கையில் இருக்கிறது. இரவல் வாங்கிய தலைப்பு அங்கே இரண்டாவது கேள்விக்கே தாங்காது.

கேட்டால் தலைப்பு கொடுத்துவிடும் நெறியாளர்கள் உண்டு. அது உதவியாகத் தோன்றினாலும், எதைக் கேட்பது என்று தீர்மானிக்கும் பயிற்சியே உங்களுக்குக் கிடைக்காமல் போய்விடும். ‘திண்டுக்கல் மாவட்டப் பெண் தொழிலாளர்களின் சமூகப் பொருளாதார நிலை: ஓர் ஆய்வு’ என்பது போன்ற தலைப்புகளைப் பல்கலைக்கழக நூலகங்களில் நிறையவே பார்க்கலாம், அவற்றில் பொருள் இருக்கிறது, கேள்வி இல்லை. உங்கள் மாவட்டத்து நூற்பாலைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண்ணின் சம்பளத்தை எப்படிச் செலவிடுவது என்று வீட்டில் யார் முடிவு செய்கிறார்கள், திருமணத்துக்குப் பிறகு அவர் ஆலைக்குத் திரும்புகிறாரா என்று கேட்டுப் பார்த்தால், யாரைச் சந்திப்பது, எதை எதனோடு ஒப்பிடுவது என்பதெல்லாம் அந்தக் கேள்வியிலிருந்தே தெளிவாகும். விடுதிக் காப்பாளர் பக்கத்தில் நிற்கும்போது அந்தப் பெண் சொல்வதும், விடுமுறையில் ஊருக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து சொல்வதும் ஒன்றாக இருக்காது என்பதையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டியிருக்கும்.

இப்படி ஒரு கேள்வியை இரண்டு பக்கத்தில் எழுதி, அதே பொருளில் வந்த ஆய்வேடுகளை ஷோத்கங்கா இணையக் களஞ்சியத்தில் படித்துவிட்டு, அதன் பிறகு நெறியாளரை அணுகுங்கள். அவரிடம் இடம் இருக்கிறதா என்பதையும் விசாரியுங்கள்: பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 நெறிமுறைகளின்படி, பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மேல் ஒரே நேரத்தில் நெறிப்படுத்த முடியாது. ஓய்வு பெற மூன்றாண்டுக்கும் குறைவாக உள்ளவர் புதிதாக யாரையும் சேர்த்துக்கொள்ளவும் கூடாது.

கேள்வி: அரசு அலுவலகத்தில் பணிபுரிகிறேன். பகுதிநேரமாக வரலாற்றில் பிஎச்.டி. செய்ய விருப்பம். வேலையை விடாமல் முடிக்க முடியுமா?
- வாசகர், விழுப்புரம்

பதில்: முடியும், ஆனால் சேரும்போதே துறைத் தலைமையின் தடையில்லாச் சான்று வேண்டும். ஆய்வுக்குப் போதிய நேரம் தரப்படும் என்று அதில் இருக்க வேண்டும். அந்த வரியை வெறும் சம்பிரதாயமாக எண்ணிக் கையெழுத்து வாங்கிவிடாதீர்கள். பகுதிநேர மாணவருக்கும் கோர்ஸ் ஒர்க் எனப்படும் தொடக்கப் பாடப் படிப்பு கட்டாயம். குறைந்தது மூன்றாண்டு, கூடுதலாக ஆறாண்டு என்பது பொது வரம்பு. மறுபதிவு செய்தால் மேலும் இரண்டாண்டு கிடைக்கும். வரலாற்றுக்கு உண்மையான சிக்கல் வேறு: எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் அலுவலக நாள்களில்தான் இயங்கும், உங்கள் அலுவலகமும் அப்படித்தான். பழைய வருவாய்த் துறைக் கோப்புகளை நம்பி நிற்கும் தலைப்பானால், ஈட்டிய விடுப்பு எத்தனை நாள் கையில் இருக்கிறது என்று கணக்கிட்ட பிறகு பதிவு செய்யுங்கள்.

கேள்வி: ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இரண்டு கட்டுரைகள் வெளியாகியிருக்க வேண்டும் என்கிறார்கள். கட்டாயமா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 நெறிமுறைகள் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டன. ஆனாலும் பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த விதியாக அதை வைத்துக்கொள்ளலாம். எனவே நீங்கள் பதிவு செய்த ஆண்டுக்குரிய விதிப்புத்தகத்தை ஆய்வுப் பிரிவில் கேட்டு வாங்கிப் பாருங்கள். விதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், பணத்தைக் கட்டினால் ஒரே வாரத்தில் வெளியிட்டுத் தருகிறோம் என்று வரும் வாட்ஸ்அப் செய்திகளை நம்ப வேண்டாம். யாரும் படித்துத் திருத்தாத கட்டுரையை நாளை வேலைக்கான நேர்காணலில் நீட்டினால், தேர்வுக் குழுவினர் முதலில் பார்ப்பது இதழின் பெயரைத்தான்.