குதிக்கும் பொய்க்காலுக்கு எந்த ஸ்பிரிங் வாங்குவது?

"என் எடை 70 கிலோ. 50–70 எடுப்பதா, 70–90 எடுப்பதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த எண்கள், அந்த ஸ்பிரிங் எத்தனை கிலோ எடையுள்ளவருக்கானது என்பதைக் குறிக்கின்றன. இப்போதுதான் பழகப் போகிறீர்கள் என்றால் 50–70 போதும்.

காலில் கட்டிக்கொண்டு துள்ளும் இந்தப் பொய்க்காலில் இருப்பது சுருள் ஸ்பிரிங் அல்ல, வில்போல வளையும் கண்ணாடியிழைப் பட்டை. நீங்கள் இறங்கும் வேகத்தில் அது வளைந்து, நிமிரும்போது உங்களை மேலே தூக்குகிறது. புதியவர் மெதுவாகத்தான் குதிப்பார். பட்டை விறைப்பாக இருந்தால் அது சரியாக வளையாது. உயரமும் கிடைக்காது, அடி முழுக்க முழங்காலில் இறங்கும். பலர் "எதற்கும் இருக்கட்டும்" என்று அதிக எடைக்கானதை வாங்கிவிட்டு, இது துள்ளவே இல்லையே என்று புலம்புவது இதனால்தான்.

அதற்காக ரொம்ப மெலிதானதற்கும் போகாதீர்கள். அளவுக்கு மீறி வளைந்தால் பட்டையில் கீறல் விழும், ஒருநாள் உடையும். நடுவானில் இருந்து இறங்கும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எடையைத் தலைக்கவசம், முழங்கால் காப்பு எல்லாம் அணிந்துகொண்டே பாருங்கள். 73, 74 காட்டினால் அடுத்த அளவுதான். அப்புறம், ஓடுவதற்கு மட்டும் என்றால் மென்மையானது சுகம். குட்டிக்கரணம் அடிக்கும் அளவுக்குத் தேறிவிட்டால் அப்போது ஒருபடி விறைப்பானதற்கு மாறலாம். பல மாடல்களில் பட்டையை மட்டும் கழற்றி மாற்றிக்கொள்ள முடியும்.