பொங்கல் இல்லாத வீட்டில் என்ன படிப்பது?

கேள்வி: அம்மா ஆவணியில் தவறிவிட்டார். வருஷம் திரும்பும்வரை எங்களுக்குப் பண்டிகை கிடையாது. தெருவே பொங்கல் வைக்கும்போது புத்தகத்தோடு உட்காரலாம் என்றால், தீபாவளிக்கே ஒரு பக்கம் ஓடவில்லை. படித்தால் மனம் ஆறும் என்பது வெறும் பேச்சுதானா?
- வாசகி, செல்லூர், மதுரை

பதில்: வெறும் பேச்சு இல்லை சகோதரி. தீபாவளிக்கு எந்தப் புத்தகத்தை எடுத்தீர்கள் என்பதுதான் கேள்வி. நாலு நாள் லீவு இருக்கிறதே என்று 600 பக்க நாவலை எடுத்தால் ஓடாது. துக்கத்தில் முதலில் சிதறுவது ஞாபகம். மூன்றாம் பக்கத்தில் வந்த சித்தப்பா பத்தாம் பக்கத்தில் யாரென்றே தெரியாது. திரும்பப் புரட்டிப் பார்த்து, நம்மால் முடியவில்லை என்று மூடிவிடுவீர்கள். உறவுக்காரர் கொடுத்த தன்னம்பிக்கைப் புத்தகமும் வேண்டாம். ‘எழுந்து வா’ என்று அதட்டும். இப்போது உங்களை அதட்ட யாருக்கும் உரிமை இல்லை.

ஆறு வரி போதும். புறநானூற்றில் 242-ஆம் பாட்டு, குடவாயிற் கீரத்தனார் பாடியது. ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்துவிட்டான். இளைஞர்கள் பூச் சூடவில்லை, பெண்கள் பறிக்கவில்லை, பாணனும் பாடினியும் தொடவில்லை. முல்லை மட்டும் பூத்து நிற்கிறது. “முல்லையும் பூத்தியோ ஒல்லையூர் நாட்டே” என்று கேட்பதோடு பாட்டு முடிந்துவிடுகிறது. ஆறுதலாக ஒரு வார்த்தை கிடையாது. அடுத்த வீட்டுக் குலவைச் சத்தம் சுவர் தாண்டி வரும்போது உங்கள் தொண்டையில் நிற்பதும் இதே கேள்விதானே?

உரையோடு கூடிய பதிப்பாக எடுங்கள். முதலில் உரை, பிறகு பாட்டு. வாய்விட்டுப் படியுங்கள். கண் மட்டும் ஓடினால் மனம் நழுவிவிடும். குரல் கொடுத்தால் மூச்சு வரிக்குக் கட்டுப்படும். தொண்டை அடைத்தால் அழுதுவிட்டு அதே வரியிலிருந்து தொடங்குங்கள். ஒரு நாளைக்கு ஒரு பாட்டு, அதையே மூன்று தடவை. பக்கத்து வீட்டில் பானை வைக்கும் அந்த இருபது நிமிடத்துக்கு இதை ஒதுக்குங்கள். கனமான நேரம் அதுதான்.

மேலும் தெம்பிருந்தால், முன்பே படித்து முடிவு தெரிந்த கதை நல்லது. திடுக்கிட ஒன்றும் இருக்காது. புதுக் கதையென்றால் கடைசிப் பக்கத்தை முதலில் பாருங்கள், தாய் சாகும் கதையா என்று ஓரளவு தெரிந்துவிடும்.

சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினர் என்றால் போகிக்கு இரண்டு நாள் முன்பே போய் எடுத்து வாருங்கள், அரசு விடுமுறையை நம்ப முடியாது. பண்டிகை கழிந்தும் வீடு அடைத்தால், 2023 ஜூலையில் புது நத்தம் சாலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. அங்கே யாரும் துக்கம் விசாரிக்க மாட்டார்கள்.

தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் விட்டுப்போனாலோ, இனி இருந்து என்ன என்று தோன்றினாலோ புத்தகத்தோடு நிற்காதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416-ஐக் கூப்பிடுங்கள், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

அம்மா பால் கணக்கு எழுதிய நோட்டு வீட்டில் இருந்தால், கை அதற்குத்தான் போகும். பண்டிகை நாட்களில் திறக்க வேண்டாம். அவர் போட்ட ‘அரை லிட்டர்’ என்ற இரண்டு வார்த்தையைத் தனியாகத் தாங்குவது கஷ்டம். தெரு அடங்கட்டும். அப்பாவையோ தங்கையையோ பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு பக்கம் மட்டும் சத்தமாகப் படியுங்கள்.